புது கிராஃபிக்ஸ் கார்டா, புது மானிட்டரா? ஏ.ஐ. விலையேற்றத்தில் எதை முதலில் மாற்றுவது?

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது பாலவனத்தம். மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை 1901-ல் நிறுவிய பாண்டித்துரைத் தேவரின் ஜமீன் ஊர். சுற்றிலும் மானாவாரி நிலம், கரிசல் மண், வெயில். கேமிங் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச இந்த ஊர் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு விமர்சனங்கள் பெரும்பாலும் ஏ.சி. அறையில், புத்தம்புது மதர்போர்டில், பக்கத்துத் தெருவிலேயே சர்வீஸ் சென்டர் இருக்கும் நகரங்களில் எழுதப்படுபவை. இங்கே கார்டு பழுதானால் மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்ப வேண்டும். அறையில் மின்விசிறிதான். கம்ப்யூட்டருக்கு வயது ஐந்து.

அப்படி ஒரு இளைஞரை வைத்துக்கொள்வோம். ஐ.டி. வேலை, வாரத்தில் பல நாள் வீட்டிலிருந்துதான். 2020-21 வாக்கில் சேர்த்த கம்ப்யூட்டர்: இன்டெல் ஐ5 10400எஃப் பிராசஸர், 16 ஜி.பி. ரேம், ஜி.டி.எக்ஸ். 1650 கார்டு, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர், 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். கையில் சேமிப்பு 50,000 ரூபாய். வீட்டுச் செலவு, கடன் தவணை எல்லாம் போக பல மாதம் சேர்த்த பணம். ஒரே தடவைதான் செலவழிக்க முடியும். தப்பான பொருளை வாங்கிவிட்டால் இன்னும் மூன்று, நான்கு வருடம் அதோடுதான் ஓட்ட வேண்டும்.

இவர் கேட்கும் கேள்வி, "எந்த கார்டு வாங்கலாம்?" ஆனால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை.

விலை ஏன் ஏறுகிறது?

இந்தக் கேள்வி இப்போது சூடாகக் காரணம் ஏ.ஐ. என்விடியாவின் 2025 நிதியாண்டுக் கணக்கைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். மொத்த வருவாய் 130.5 பில்லியன் டாலர். அதில் கேமிங் பிரிவின் பங்கு சுமார் 11.4 பில்லியன், அதாவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. டேட்டா சென்டர் பிரிவு மட்டும் 115 பில்லியனுக்கு மேல். ஒரு காலத்தில் கேமர்களை நம்பி வளர்ந்த கம்பெனிக்கு இன்று கேமர் ஒரு ஓரத்து வாடிக்கையாளர்.

அடுத்த அடி மெமரியில் விழுந்தது. உலகின் மெமரி சிப் உற்பத்தியில் பெரும்பகுதி சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களின் கையில். ஏ.ஐ. சர்வர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்பதால் உற்பத்தி அந்தப் பக்கம் திரும்பியது. 2025-ன் கடைசி மாதங்களில் சில்லறைக் கடைகளில் ரேம் விலை இரண்டு, மூன்று மடங்கானது. 2025 டிசம்பர் 3-ம் தேதி, 'க்ருஷியல்' என்ற பெயரில் சாதாரண வாடிக்கையாளர்களுக்கு ரேம், எஸ்.எஸ்.டி. விற்கும் தொழிலிலிருந்தே விலகுவதாக மைக்ரான் அறிவித்தது. நம்மூர்க் கடைகளில் பலரும் கேட்டு வாங்கிய பிராண்ட் அது.

கிராஃபிக்ஸ் கார்டிலும் மெமரி இருக்கிறது. 8 ஜி.பி., 12 ஜி.பி., 16 ஜி.பி. என்று பெட்டியில் எழுதியிருப்பது அதைத்தான். அதைத் தயாரிப்பதும் இதே நிறுவனங்கள்தான். எனவே மெமரி அதிகமுள்ள கார்டுகளின் மேல்தான் விலை அழுத்தமும் அதிகம். புது மெமரி தொழிற்சாலை கட்டி உற்பத்தி தொடங்க வருடக்கணக்காகும். 'ரெண்டு மாசம் பொறுத்தா விலை இறங்கிடும்' என்று நம்பிக் காத்திருக்க வலுவான காரணம் எதுவும் தெரியவில்லை.

மானிட்டர் கதை வேறு. அதில் பெரிய மெமரி கிடையாது. பேனல் சந்தையில் போட்டி அதிகம். 2025-ல் 24 இன்ச், 144 ஹெர்ட்ஸுக்கு மேல் ஓடும் ஐ.பி.எஸ். மானிட்டர்கள் 10,000 ரூபாயை ஒட்டிய விலைக்கே வந்துவிட்டன. 27 இன்ச் 1440பி மானிட்டர்கள் 20,000-க்குக் கீழே கிடைத்தன. சில வருடங்களுக்கு முன்பு இதெல்லாம் வசதியானவர்களின் பொருள்.

ஜி.எஸ்.டி. குறைந்ததே, பலன் இல்லையா?

2025 செப்டம்பர் 22 முதல் மானிட்டருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது என்ற செய்தி பரவலாகப் பகிரப்பட்டது. அது 32 இன்ச்சைத் தாண்டும் மானிட்டர்களுக்குத்தான் பொருந்தும். 32 இன்ச் வரையிலான கம்ப்யூட்டர் மானிட்டர்களுக்கு 2019-லிருந்தே 18 சதவீதம்தான். கிராஃபிக்ஸ் கார்டும் அதே 18 சதவீதத்தில் தொடர்கிறது. எனவே 24, 27 இன்ச் மானிட்டருக்கு 'ஜி.எஸ்.டி. குறைப்பு ஆஃபர்' என்று யாராவது விளம்பரம் செய்தால் அது வரிக் குறைப்பு இல்லை, அவர்களின் வழக்கமான தள்ளுபடிதான்.

ஸ்க்ரீனிலிருந்து ஏன் தொடங்க வேண்டும்?

ஒரு கார்டுக்கு எவ்வளவு வேலை என்பதை முடிவு செய்வது மானிட்டர். 1080பி திரையில் 1920-க்கு 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி என்றால் சுமார் 36.9 லட்சம். 4கே என்றால் சுமார் 82.9 லட்சம். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அத்தனை புள்ளிகளையும் கார்டு வரைய வேண்டும். 1080பி-யிலிருந்து 1440பி-க்குப் போனால் வேலை ஏறக்குறைய 1.8 மடங்கு. 4கே-க்குப் போனால் சரியாக நான்கு மடங்கு. 1080பி-யில் மின்னல் வேகத்தில் ஓடும் கார்டு 4கே-யில் திணறுவது இதனால்தான்.

அடுத்தது ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு நொடிக்கு 60 தடவைதான் படத்தை மாற்றும். அதாவது 16.7 மில்லி நொடிக்கு ஒரு படம். 144 ஹெர்ட்ஸில் அது 6.9 மில்லி நொடி. கார்டு நொடிக்கு 150 ஃப்ரேம் கொடுத்தாலும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-க்கு மேல் காட்டாது. மீதி வீண்.

நம் இளைஞரின் பிரச்சனை இங்கேதான் இருக்கிறது. வேலரன்ட் மாதிரி லேசான கேமில் ஜி.டி.எக்ஸ். 1650 கார்டே 1080பி-யில் நொடிக்கு 100 ஃப்ரேமுக்கு மேல் கொடுத்துவிடும். அவர் ஐந்து வருடமாக அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை, ஏனென்றால் திரை 60-லேயே நிற்கிறது. 40,000 ரூபாய்க்கு கார்டு வாங்கி அதே பழைய மானிட்டரில் மாட்டினால், அந்த கேமில் அவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. 10,000 ரூபாய் மானிட்டர் மட்டும் வாங்கினால் அன்று மாலையே தெரியும்.

கடைக்குப் போய் கார்டு கேட்கும்போது, "தம்பி, இப்போ என்ன மானிட்டர் வெச்சிருக்கீங்க? என்ன கேம் ஆடுவீங்க?" என்று திருப்பிக் கேட்கிறவர் நல்ல கடைக்காரர். கேட்காமலே பெட்டியை எடுத்து வைக்கிறவரிடம் கொஞ்சம் யோசிக்கலாம்.

செலவில்லாமல் ஒரு சோதனை

எதை மாற்ற வேண்டும் என்பதைக் காசு கொடுக்காமலே கண்டுபிடிக்கலாம். அடிக்கடி ஆடும் கேமைத் திறந்து, எஃப்.பி.எஸ். எண்ணைத் திரையில் காட்டும்படி வைக்க வேண்டும். வி-சிங்க் போன்ற ஃப்ரேம் கட்டுப்பாடுகளை அணைத்துவிட வேண்டும். ஒரே இடத்தில் நின்று எண்ணைக் குறித்துக்கொண்டு, ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்குக் குறைக்க வேண்டும்.

எண் நன்றாக ஏறினால் தடை கார்டில். புது கார்டு பலன் தரும். எண் அப்படியே நின்றால் தடை பிராசஸரிலோ ரேமிலோ இருக்கிறது. அந்த நிலையில் எவ்வளவு பெரிய கார்டு வாங்கினாலும் பெரிதாக மாறாது. முதல் எண்ணே மானிட்டரின் ஹெர்ட்ஸைவிட மிக அதிகமாக இருந்தால், மாற்ற வேண்டியது மானிட்டர்.

இன்னொன்று: எஃப்.பி.எஸ். நன்றாக இருந்தும் எதிராளி தாவித் தாவித் தெரிந்தால், சுட்டது பதியாமல் போனால், அது பெரும்பாலும் இன்டர்நெட் பிரச்சனை. வேலரன்ட் சர்வர் மும்பையில் இருக்கிறது. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து அங்கே போய்வரும் நேரத்தை எந்த கிராஃபிக்ஸ் கார்டாலும் குறைக்க முடியாது. வைஃபையை விட்டு கேபிள் போட்டுப் பார்ப்பது சில நூறு ரூபாயில் முடிகிற வேலை.

அப்போ கார்டே வேண்டாமா?

வேண்டும், சில கேம்களுக்குக் கட்டாயம் வேண்டும். 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்', 2025 மே மாதம் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' ஆகிய இரண்டும் ஹார்ட்வேர் ரே டிரேசிங் உள்ள கார்டைக் குறைந்தபட்சத் தேவையாகவே வைத்துவிட்டன. ஜி.டி.எக்ஸ். வரிசைக்கு அங்கே இடமில்லை. செட்டிங்கைக் குறைத்து ஒப்பேற்றுகிற காலம் முடிந்துகொண்டிருக்கிறது.

ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ., 1060 போன்ற இன்னும் பழைய கார்டு வைத்திருப்பவர்களுக்கு நெருக்கடி கூடுதல். அந்த பாஸ்கல் தலைமுறைக்கு புது கேம்களுக்கான டிரைவர்களை 2025 அக்டோபரோடு நிறுத்துவதாக என்விடியா அறிவித்தது. அதன்பின் 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். ஜி.டி.எக்ஸ். 1650 அதற்கு அடுத்த தலைமுறை என்பதால் இந்தப் பட்டியலில் வரவில்லை.

'ஜி.டி.ஏ. 6 வருது, அதுக்காக இப்பவே வாங்கிடலாம்' என்று நினைப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2025 நவம்பரில் அந்த கேமை 2026 நவம்பர் 19-க்குத் தள்ளி வைத்தபோது சொல்லப்பட்டது பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் தேதிதான். கம்ப்யூட்டர் பதிப்புக்குத் தேதி சொல்லவில்லை. தேதியே இல்லாத கேமுக்காக இன்றைய விலையில் கார்டு வாங்குவதில் அர்த்தமில்லை.

ஒரே பெயர், இரண்டு கார்டு

நடுத்தர பட்ஜெட்டில் இப்போது பேச்சில் இருப்பவை நான்கைந்துதான். என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 5060, 2025 மே மாதம் 299 டாலர் அறிமுக விலையில் 8 ஜி.பி. மெமரியோடு வந்தது. 5060 டி.ஐ., ஏப்ரலில் 8 ஜி.பி. 379 டாலருக்கும், 16 ஜி.பி. 429 டாலருக்கும் வந்தது. ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. ஜூன் மாதம் 8 ஜி.பி. 299 டாலர், 16 ஜி.பி. 349 டாலர் என்று இறங்கியது. இன்டெல்லின் ஆர்க் பி580, 2024 டிசம்பரில் 12 ஜி.பி.யோடு 249 டாலருக்கு வந்தது. ஒரு படி மேலே ஆர்.டி.எக்ஸ். 5070. அதற்கு இந்தியாவில் அறிவித்த தொடக்க விலையே 59,000 ரூபாய். இவை அறிமுக விலைகள் மட்டுமே. கடையில் இந்த விலைக்குத்தான் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 5060 டி.ஐ., 9060 எக்ஸ்.டி. இரண்டிலுமே ஒரே பெயரில் 8 ஜி.பி.யும் உண்டு, 16 ஜி.பி.யும் உண்டு. பெட்டியின் முன்பக்கப் பெயர் ஒன்றுதான். ஆன்லைனில் திடீரென்று மலிவாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் 8 ஜி.பி.தான். புது கேம்களில் 1440பி-யில் உயர்ந்த செட்டிங் வைக்கும்போது 8 ஜி.பி. நிரம்பிவிடுகிறது. நிரம்பினால் கார்டு தன் மெமரிக்குப் பதிலாக கம்ப்யூட்டரின் ரேமைத் தேடிப் போகும். அந்த வழி மெதுவானது. அதனால்தான் ஓடிக்கொண்டிருக்கும் கேம் நடுநடுவே வெட்டுகிறது.

பழைய மதர்போர்டில் இது இன்னும் மோசம். ஐ5 10400எஃப் உட்காரும் போர்டுகளில் இருப்பது பி.சி.ஐ.இ. மூன்றாம் தலைமுறை. 5060, 5060 டி.ஐ. இரண்டும் 16 பாதைகளில் எட்டை மட்டுமே பயன்படுத்துகின்றன. புது போர்டில் இது தெரியாது. பழைய போர்டில் மெமரி நிரம்பும் நேரத்தில் நன்றாகத் தெரியும். 9060 எக்ஸ்.டி. 16 பாதைகளையும் பயன்படுத்துகிறது. விலை ஒத்துவந்தால் ஐந்து வருடப் பழைய கம்ப்யூட்டருக்கு அதன் 16 ஜி.பி. மாடல் நல்ல பொருத்தம். இன்டெல் பி580-க்கு 'ரீசைசபிள் பார்' என்ற வசதி போர்டில் இருந்தே ஆக வேண்டும், பழைய பிராசஸரோடு அது தன் முழு வேகத்தையும் காட்டாது. அதை மலிவு என்பதற்காக மட்டும் எடுக்க வேண்டாம்.

பெட்டியில் 'ஏ.ஐ. மூலம் நான்கு மடங்கு ஃப்ரேம்' என்று எழுதியிருப்பதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஃப்ரேம் ஜெனரேஷன் இரண்டு நிஜ ஃப்ரேம்களுக்கு நடுவே கற்பனை ஃப்ரேம்களைச் செருகுகிறது. பார்க்க வழவழப்பாக இருக்கும், ஆனால் மவுஸை அசைத்ததும் பதில் வரும் வேகம் கூடாது, சற்றுக் குறையவே செய்யும். ஏற்கெனவே 60 ஃப்ரேம் வரும் கதை கேமில் இது நன்றாக உதவும். 25 ஃப்ரேமில் திணறும் கேமை இது காப்பாற்றாது. கார்டுகளை ஒப்பிடும்போது இந்த வசதி இல்லாத எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

மானிட்டரில் எதைப் பார்ப்பது?

மானிட்டர் பகலில் வேலைக்கும் இரவில் கேமுக்கும் பயன்படும் என்றால், எழுத்து தெளிவாகத் தெரிவது முக்கியம். 24 இன்ச்சில் 1080பி சரி. 27 இன்ச்சில் 1080பி என்றால் ஒரு இன்ச்சுக்கு சுமார் 82 புள்ளிகள்தான், கோடு எழுதும்போதும் எக்ஸெல் பார்க்கும்போதும் எழுத்து பிசிறடிக்கும். 27 இன்ச்சுக்கு 1440பி என்றால் சுமார் 109 புள்ளிகள், நாள் முழுக்கப் பார்க்கலாம்.

பேனலில் ஐ.பி.எஸ். பாதுகாப்பான தேர்வு. வி.ஏ. பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் மலிவு மாடல்களில் இருட்டுக் காட்சி வேகமாக நகரும்போது நிழல் இழுக்கும். ஓஎல்இடி பார்க்க அற்புதம். ஆனால் டாஸ்க்பார், எக்ஸெல் கட்டங்கள் என்று ஒரே படம் தினமும் எட்டு மணி நேரம் நிற்கும் வேலைக்கு, தடம் பதிந்துவிடும் அபாயம் அதில் உண்டு. 'ஃப்ரீசிங்க்' அல்லது 'ஜி-சிங்க் கம்பாட்டிபிள்' இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃப்ரேம் ஏறி இறங்கினாலும் படம் கிழியாமல் இருக்க அது உதவும். '1 எம்.எஸ்.' என்ற விளம்பர எண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

வாங்கி வந்தபின் பலர் செய்யும் தவறுகள் இரண்டு. ஒன்று, கேபிளை கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகிவிடுவது. இன்னொன்று, விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸை மாற்றாமல் விட்டுவிடுவது. 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி மாதக்கணக்கில் 60-ல் ஆடுகிறவர்கள் உண்டு. டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் பயன்படுத்தினால் பழைய எச்.டி.எம்.ஐ. கேபிளால் வரும் வேகத் தடையும் இருக்காது.

லேப்டாப் மட்டும் இருப்பவர்களுக்கு

தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தது. இப்படிக் கிடைத்த சாதாரண லேப்டாப்தான் பல வீடுகளில் முதல் கம்ப்யூட்டர். இவற்றில் கிராஃபிக்ஸ் கார்டு மாட்ட வழியில்லை. ஆனால் எச்.டி.எம்.ஐ. வழியாக மானிட்டர் இணைக்கலாம். படிப்புக்கும், லேசான கேமுக்கும் பெரிய திரை கிடைக்கும். நாளைக்கு வேலை கிடைத்து டெஸ்க்டாப் சேர்க்கும்போது அதே மானிட்டர் கூட வரும். மானிட்டரை முதலில் வாங்குவதன் லாபம் இதுதான். நல்ல மானிட்டர் இரண்டு கார்டுகளின் ஆயுளைத் தாண்டி நிற்கும்.

கரன்ட், வெயில், தூசி

கார்டின் விலையோடு கணக்கு முடிவதில்லை. ஆர்.டி.எக்ஸ். 5060 எடுக்கும் மின்சாரம் 145 வாட் வரை, என்விடியா பரிந்துரைப்பது 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். 5060 டி.ஐ. 180 வாட், அதற்கு 600 வாட். 9060 எக்ஸ்.டி. 16 ஜி.பி. மாடல் 160 வாட், 450 வாட் போதும் என்கிறது ஏ.எம்.டி. ஆனால் கேபினெட்டோடு இலவசமாக வந்த பெயர் தெரியாத 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். இந்தக் கணக்கில் சேராது. அதை மாற்றும் செலவையும் பட்ஜெட்டில் வைக்க வேண்டும்.

கேம் ஓடும்போது மானிட்டரையும் சேர்த்து இந்த கம்ப்யூட்டர் சுமார் 300 வாட் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். தினமும் மூன்று மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். ஈ.பி. பில்லில் 500 யூனிட்டைத் தாண்டினால், கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் கட்டணக் கணக்கு மாறும். ஏற்கெனவே 460, 470 யூனிட் வரும் வீட்டில் அந்த 54 யூனிட் பில்லை எகிற வைத்துவிடும். அப்பா கேட்கும் கேள்விக்கு முன்பே பதில் தயார் செய்துகொள்வது நல்லது.

300 வாட் மின்சாரம் கடைசியில் 300 வாட் வெப்பமாகத்தான் அறைக்குள் வருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் இந்தப் பக்கம் வெயில் 40 டிகிரியை நெருங்கும்போது, மின்விசிறி மட்டும் உள்ள பத்துக்குப் பத்து அறையில் அது சாதாரணம் இல்லை. சூடு எல்லை தாண்டினால் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய ஃப்ரேம் அப்படியே போகும். ஒரே வேகம் தரும் இரண்டு கார்டுகளில் வாட் குறைவானதையும், பெரிய ஹீட்சிங்க் உள்ளதையும் எடுப்பது நம்மூருக்குப் புத்திசாலித்தனம். கரிசல் தூசி ஃபேனில் படியும். மாதம் ஒருமுறை கரன்ட்டை அணைத்துவிட்டு பிளோயரால் ஊத வேண்டும். பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்வது, கார்டு வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கரன்ட் போனால் சேவ் செய்து அணைக்க மட்டும் அது உதவும், ஆட்டத்தைத் தொடர இல்லை.

ஆன்லைனா, கடையா, செகண்ட் ஹேண்டா?

விலை ஏறும்போது செகண்ட் ஹேண்ட் சந்தை சூடாகும், ஏமாற்றும் கூடும். பழைய கார்டின் பயாஸை மாற்றி எழுதி, புது மாடலின் பெயரைக் காட்ட வைப்பது பழைய தந்திரம். 'ஜி.பி.யு.-இசட்' என்ற இலவச மென்பொருள் இப்படிப்பட்ட பல போலிகளைக் காட்டிக்கொடுக்கும். நேரில் போய் அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பார்க்காமல், பில்லும் சீரியல் நம்பரும் பொருந்தாமல் பணம் கொடுக்க வேண்டாம். முன்பணம் அனுப்பச் சொல்கிறவரிடம் பேச்சையே முடித்துக்கொள்ளலாம்.

புதிது வாங்கினாலும், அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டர் மதுரையில் இருக்கிறதா, இல்லையென்றால் கூரியர் செலவு யாருடையது என்று வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டும். ஆன்லைன் பார்சலைப் பிரிக்கும்போது ஆரம்பம் முதல் வீடியோ எடுப்பது பிறகு உதவும். மானிட்டர் என்றால் முதல் நாளே வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலத் திரைகள் வைத்து செத்த புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். நாள் கடந்தால் மாற்றித்தர மறுப்பார்கள்.

பிரச்சனை வந்தால் வழி இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் தான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. டெல்லி விற்பனையாளருக்காக பாலவனத்தத்துக்காரர் டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை.

அந்த 50,000 ரூபாயை எப்படிப் பிரிப்பது?

ஆடுவது வேலரன்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் மாதிரி போட்டி கேம்கள் மட்டும் என்றால்: 24 இன்ச், 1080பி, 144 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒரு மானிட்டர். அவ்வளவுதான். கார்டு அப்படியே இருக்கட்டும். பாதிக்கு மேல் பணம் கையில் மிச்சம்.

கதை கேம்கள்தான் ஆசை, பழைய கார்டில் அவை திறக்கவே இல்லை என்றால்: 1080பி-யிலேயே நின்று, பெரும்பகுதியை கார்டுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் வைக்கலாம். முடிந்தவரை 16 ஜி.பி. மாடல். மானிட்டர் பிறகு.

பகலில் வேலை, இரவில் எல்லா வகை கேமும் என்றால்: 27 இன்ச் 1440பி மானிட்டர் இப்போது. அன்றிலிருந்தே வேலைக்கு அதன் பலன் கிடைக்கும். பழைய கார்டில் லேசான கேம்களை ஆடிக்கொண்டு, மீதிப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து நியாயமான விலை வரும்போது 16 ஜி.பி. கார்டு எடுக்கலாம். 'மெமரி விலை இன்னும் ஏறுமாம்' என்ற பயத்தில் அவசரப்பட்டு 8 ஜி.பி. கார்டு வாங்கினால், இரண்டு வருடத்தில் மறுபடியும் இதே கேள்வியோடுதான் நிற்க வேண்டியிருக்கும்.

மூன்று வழியிலும் தொடக்கம் ஒன்றுதான். இன்று இரவு கேமைத் திறந்து, ரெசல்யூஷனைக் குறைத்து, அந்த எண் ஏறுகிறதா என்று பார்ப்பது. அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.